ஊகித்து வைத்த மூன்று புள்ளிகள்

காலையில் தானே வரைந்து கொடுத்த கோட்டை மத்தியானம் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அதன் கடைசி மூன்று புள்ளிகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பது அவள் கண்ணை உறுத்தியது.

விமான விபத்து விசாரணை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்குப் புள்ளி அக்கா, பெரியவர்களுக்கு வெறும் புள்ளி. விழுந்த விமானங்கள் கடைசியாக எந்த வழியில் போயின என்பதை ரேடார் பதிவிலிருந்து புள்ளி புள்ளியாகப் பொறுக்கி வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. அவளுடைய மேலதிகாரிக்குக் கோடு என்று பெயர் விழுந்ததும் அவள் புண்ணியத்தில்தான். அவள் எதை எடுத்துக்கொண்டு போய் நின்றாலும், "புள்ளியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, கோடு எங்க?" என்பார். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. தெரியாத மாதிரி இருந்தார்.

இன்று காலையிலும் அதைத்தான் கேட்டார். மலைத்தொடரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று ரேடார் திரையிலிருந்து மறைந்துவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒரு விமானி, மருத்துவ முகாமுக்குப் போகவேண்டிய ஒரு நர்ஸ். விழுந்தால் தானாகக் கத்த வேண்டிய அபாயக் கருவி கத்தவில்லை. ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு தேடல் குழு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அவசரத்துக்கு எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓடிய தடத்தை அப்படியே கோப்பாக இறக்கி, வரைபடத்தில் பதித்து, கோட்டின் நுனியில் ஒரு வட்டம் போட்டு அனுப்பினாள். கோடு நேராகப் போய்க் காட்டுக்கு மேலே நின்றது. முற்பகல் முழுக்க ஹெலிகாப்டர் அந்தக் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தது. உடைந்த கிளை ஒன்றுகூட அகப்படவில்லை.

இப்போது எரிபொருள் நிரப்பத் திரும்பியிருக்கிறார்கள். மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு முறைதான் போக முடியும். அதற்கப்புறம் நாளை விடிந்தால்தான். அடிபட்டுக் கிடப்பவர்கள் அந்தக் குளிரில் ஓர் இரவைத் தாண்ட மாட்டார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இதில் அவளுக்கு மட்டுமான சங்கடம் ஒன்று இருந்தது. அந்த நேரம் ரேடார் முன்னால் உட்கார்ந்து அந்த விமானத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

காலையிலேயே கோடு அவளை வீட்டுக்கு அனுப்பத்தான் பார்த்தார். அவளுக்குப் பதில் ஆள் இல்லை. இந்த வேலை தெரிந்த இன்னொருவர் வெளிநாட்டில் பயிற்சியில் இருந்தார். "சரி, நீயே பாரு. ஆனா உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. விசாரணை முடியற வரைக்கும் அவன் யாரோ, நீ யாரோ" என்றார். தம்பியை வேலையிலிருந்து இறக்கி, இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவனுடைய வாக்குமூலம் சுருக்கமானது. எதிரே பெரிய விமானம் ஒன்று வந்ததால் சின்ன விமானத்தை இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். பதில் வரவில்லை. பிறகு மறைந்துவிட்டது. ஒலிப்பதிவிலும் அதுவேதான். அவன் குரல் மட்டும். ரேடார் தடமும் நேராகவே போயிருந்தது. அதனால் எல்லாம் அழகாகப் பொருந்தியது. விமானத்தில் மின்சாரம் போயிருக்கும், வானொலி செத்திருக்கும், அவன் சொன்னது விமானியின் காதில் விழுந்திருக்காது, விமானம் நேராகப் போய் விழுந்திருக்கும். தம்பி மேல் பழி இல்லை.

அந்தக் கடைசி மூன்று புள்ளிகள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள்.

ரேடார் ஒவ்வொரு சுற்றிலும் விமானத்தை நீ எங்கே என்று கேட்கிறது. விமானம் பதில் சொல்கிறது. ஒரு புள்ளி விழுகிறது. காற்று தள்ளும், ரேடாருக்கும் கொஞ்சம் கண் மங்கும். உண்மையான புள்ளிகள் சின்னப் பிள்ளை ஊசியில் கோத்த மணிகள் மாதிரி முன்னே பின்னேதான் இருக்கும். இந்த மூன்றும் அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் நின்றன.

மலையுச்சி ரேடார் நிலையத்துக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்தவர் அங்கே பல வருடமாக இருக்கும் பொறியாளர்.

"என்ன புள்ளி, எங்க மலையில உனக்கு இன்னிக்கு ஏகப்பட்ட வேலை போல?"

"சார், விளையாட இப்ப நேரம் இல்ல. திரைக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க ரேடார் வாங்கின பச்சைப் பதிவு இருக்குல்ல, அது வேணும்."

"அது தலையும் வாலும் புரியாமக் கிடக்குமே. கணினி கழுவித் தொடைச்சு அனுப்புறது போதாதா?"

"கழுவின தண்ணியில என்ன போச்சுன்னுதான் பாக்கணும் சார்."

"மேலிடத்து உத்தரவு இல்லாம அனுப்பக் கூடாது. சரி, நான் அனுப்பிடறேன், நீ உத்தரவை வாங்கிடு" என்று வைத்துவிட்டார்.

கோப்பு இறங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அம்மா.

"தம்பி சாப்பிட்டானாடி?"

"தெரியலம்மா. நான் அவனப் பாக்கக் கூடாது."

"என்னடி இது, ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு! காலையில வெறும் வயித்தோட போனான். டிவியில என்னென்னவோ சொல்றானுங்க. அவன் மேல ஒண்ணும் வராதுல்ல?"

"வேலையா இருக்கேம்மா."

"நீ இருக்கேல்ல அங்க, அது போதும் எனக்கு" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தை கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

பச்சைப் பதிவு திறந்தது. அந்த விமானத்தின் அடையாள எண்ணை மட்டும் சலித்து எடுத்தாள். புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னே பின்னே தள்ளாடிக்கொண்டு, மலையை ஒட்டி வந்தன. தம்பி திரும்பச் சொன்ன நேரம் வந்தது. அதோடு நேர்வழியில் புள்ளிகள் நின்றுபோயின. கடைசி மூன்று அங்கே இல்லவே இல்லை.

அவளுக்கு நடந்தது தெரிந்துவிட்டது. பதில் வராதபோது கணினி உடனே கைவிடுவதில்லை. இதுவரை நேராக வந்தது, இன்னும் நேராகத்தான் போகும் என்று தானே ஊகித்துச் சில சுற்றுகளுக்குப் புள்ளி வைக்கும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்த ஊகப் புள்ளிகள் உள்ளே நிரப்பாத வெற்று வளையங்களாகத் தெரியும். பார்ப்பவருக்கு வித்தியாசம் புரியும். கோப்பாக இறக்கும்போது வளையமும் புள்ளியும் ஒன்றாகிவிடும். அது அவளுக்கும் தெரியும், இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அவசரத்தில் பார்க்காமல் விட்டிருந்தாள். ஹெலிகாப்டர் முற்பகல் முழுக்கக் கணினியின் கற்பனையைத் தேடியிருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. நேர்வழியிலிருந்து நன்றாக விலகி, இடப்பக்கம், மலைமுகட்டுக்குப் பக்கத்தில், ஒற்றைப் புள்ளி. அதே அடையாள எண். தன் ஊகத்துக்கு ஒத்துவரவில்லை என்று கணினி தள்ளிவிட்டது அது.

அவள் அச்செடுத்துக்கொண்டு கோட்டின் அறைக்கு ஓடினாள். அவர் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "தேடல் குழு லைன்ல இருக்காங்க. எண்ணெய் போட்டாச்சாம். என்ன?" என்றார்.

சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"அப்போ இடப்பக்கம் திரும்பியிருக்கான்ங்கறியா?"

"ஒரே ஒரு புள்ளிதான் சார். மலையில பட்டு எதிரொலிச்சு வந்த பொய்ப் புள்ளியாவும் இருக்கலாம். அந்த முகட்டுல அப்படி விழும். நேத்து ஒரு பயணிகள் விமானம் நேரா போனப்பகூட அதே இடத்துக்குப் பக்கத்துல ஒரு பொய்ப் புள்ளி விழுந்திருக்கு. பாத்துட்டேன்."

"அப்போ திரும்பலையா?"

"பாதிக்குப் பாதி சார்."

"பாதி கோட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" அவர் குரல் உயர்ந்தது. "காட்டுக்கும் அந்த முகட்டுக்குக் கீழ இருக்கற பள்ளத்தாக்குக்கும் நடுவுல ஒரு மலையே இருக்கு. ஹெலிகாப்டர் ரெண்டையும் பாக்க முடியாது. ஒண்ணு சொல்லு. காட்டுல இன்னும் கிழக்கு ஓரம் பாக்கலை. பழக்கப்பட்ட இடம், தரை தட்டையா இருக்கு. பள்ளத்தாக்குல பனி வேற. உன் ஒத்தைப் புள்ளியை நம்பி அவங்களையும் அதுக்குள்ள இறக்கவா?"

"கொஞ்ச நேரம் குடுங்க சார்."

"ஹெலிகாப்டர் கிளம்பற வரைக்கும். அவ்வளவுதான்."

நடையில் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தப் புள்ளி உண்மையாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. விமானி தம்பியின் பேச்சைக் கேட்டிருக்கிறார். கேட்டுத் திரும்பியிருக்கிறார். பதிவில் உயரமும் இருந்தது. அந்த உயரத்தில் இடப்பக்கம் திரும்பினால் முகட்டைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கம் யாரையும் திருப்புமுன் எவ்வளவு உயரம் ஏறியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டுப்பாட்டாளர் மேசைக்கு மேலேயும் படம் ஒட்டியிருக்கும். எதிரே வந்த பெரிய விமானத்தின் பதற்றத்தில் தம்பி அதைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைப் புள்ளி பொய்யானால் தம்பி தப்பித்தான். உண்மையானால் அவனே அவர்களை மலையில் கொண்டுபோய் விட்டவன்.

அது பொய்யாகிவிடக் கூடாதா என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. உடனே கூசியது.

விமானி திரும்பினாரா இல்லையா என்று ரேடாரால் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஆள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் படியிறங்கினாள்.

அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூடி திறக்காத தண்ணீர் புட்டி. தம்பி கைகளைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, கிடைச்சிட்டாங்களா?"

"இல்ல. உக்காரு. நான் உன்கிட்ட பேசக் கூடாது, தெரியும்ல?"

"அப்புறம் எதுக்கு வந்தே, உன்னையும் வேலையை விட்டுத் தூக்கறதுக்கா? வேலை போறதுக்கு ஒரு வீட்டுல ஒரு ஆள் போதும்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "நேராத்தானே போச்சு? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நேராத்தானேக்கா?"

அவள் கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

"பதில் வரலன்னு எழுதிக் குடுத்திருக்கே."

"வரல. ஒலிப்பதிவு போட்டுக் கேட்டாங்களே. என் குரல் மட்டும்தான் இருக்கு."

"பேச்சு வந்தாத்தான் அந்தக் கருவி ஓடும். பேச்சில்லாத சத்தம் அதுல ஏறாது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் ஒலிப்பதிவைக் கேக்கல, உன் காதைக் கேக்கறேன். பதில் வரல, சரி. ஒண்ணுமே வரலையா?"

அவன் பார்வை தண்ணீர் புட்டிக்குப் போனது. கழுத்தில் குரல்வளை ஏறி இறங்கியது. சின்ன வயதில் எதை உடைத்துவிட்டு வந்தாலும் அந்தக் கழுத்துதான் அவனைக் காட்டிக்கொடுக்கும்.

"அந்த விமானிக்கு ஒரு பழக்கம்க்கா" என்றான் கடைசியில். "பழைய ஆளு. கையில வேலை இருந்தா வாயைத் திறந்து பேச மாட்டாரு. நாங்க அவரை ஊமைன்னுதான் கூப்பிடுவோம், கேலிக்கு."

"ம்."

அவன் வலது கையை எடுத்து, மேசையில் ஒற்றை விரலால் இரண்டு தடவை தட்டினான். டக், டக்.

"ஒலிவாங்கிப் பொத்தானை ரெண்டு தடவை அழுத்துவாரு. சரின்னு அர்த்தம்."

"இன்னிக்கு?"

"கேட்டுச்சு." அவன் விரலை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். "கேட்டுச்சுக்கா. நான் திரும்பச் சொன்ன கையோட. அப்புறம் திரையில நேரா போறதப் பாத்தேன். வளையம்தான், தெரியும். ஆனா மூணும் நேரா விழுந்துது. கேட்டது என் பிரமைன்னு நெனச்சுக்கிட்டேன். எல்லாரும் நேரா போச்சுன்னதும் ரொம்ப... ரொம்ப லேசா இருந்துச்சு."

அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை.

"என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லடா. மேல வா."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சொன்னா என் கதை முடிஞ்சுதுல்ல?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். அவளுக்கு முன்னால் அவனே படியேறினான், இரண்டு இரண்டு படியாக.

கோடு அவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்னம்மா இது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே—"

"சார், முதல்ல இவன் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

தம்பி சொன்னான். நின்றுகொண்டே, வாக்குமூலம் போல, ஒன்றையும் மெல்லாமல் விழுங்காமல். பொத்தான் சத்தத்தைச் சொன்னான். திருப்பச் சொன்ன உயரத்தையும், யாரும் கேட்காமல், அவனே சொன்னான். கோடு அச்சுத்தாளில் அந்த ஒற்றைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"பள்ளத்தாக்குக்குப் போங்க. முகட்டுக்கு இந்தப் பக்கச் சரிவு. ஆமா, நான்தான் சொல்றேன். என் பொறுப்பு." வாயைப் பொத்திக்கொண்டு அவளிடம் மெல்லச் சொன்னார்: "உன் தம்பியைக் காப்பாத்துற மாதிரி ஏதாவது கொண்டு வந்திருந்தீன்னா இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க மாட்டேன்."

பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்குக் காதில் கொதிநீர் விட்ட மாதிரி இருந்தது.

தேடல் ஒருங்கிணைப்பாளர் தன் தொலைபேசியை வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கோட்டின் அறையில் தொலைபேசியின் ஒலிபெருக்கி வழியாக ஹெலிகாப்டர் விமானியின் குரல் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. பனி. மறுபடி பனி. ஒரு பாறைச் சரிவு தெரிகிறது. மூடிவிட்டது. கீழே இறங்க முடியாது. இன்னொரு சுற்று. மூன்று பேரும் உட்காரவில்லை. தம்பி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றியிருந்தான்.

"ஒண்ணும் தெரியல. எண்ணெய் கம்மியாகுது. திரும்பறோம்" என்றது குரல்.

கோடு கண்களை மூடிக்கொண்டார்.

"வானொலியில கூப்பிட்டுப் பாத்தாங்களா?" என்றான் தம்பி சட்டென்று. "மலை மறைச்சா காட்டுலேர்ந்து கூப்பிட்டது அவருக்கு எட்டியிருக்காது. இப்பக் கூப்பிடச் சொல்லுங்க சார், காலையில பேசின அதே அலைவரிசையில."

கோடு தொலைபேசியில் கத்திச் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் அதை ஹெலிகாப்டருக்குச் சொன்னார். கரகரப்பு. நீளமான அமைதி.

"கூப்பிட்டோம். பேச்சு இல்ல. டிக் டிக்னு ஏதோ சத்தம். காத்துல இருக்கற மின்சாரம் போடற இரைச்சலா இருக்கும்."

தம்பி தொலைபேசி மேலேயே கவிழ்ந்துவிட்டான். "மூணு தடவை அழுத்தச் சொல்லுங்க! கேக்குதுன்னா மூணு தடவை அழுத்துன்னு சொல்லுங்க! காத்துக்கு எண்ணத் தெரியாது!"

சொன்னார்கள்.

"மூணு," என்றது ஹெலிகாப்டர் குரல். அதில் இப்போது கரகரப்பையும் மீறி ஒரு நடுக்கம். "சரியா மூணு. மறுபடி கேட்டோம், மறுபடி மூணு. இருங்க, இருங்க, வால் தெரியுது. முகட்டுக்குக் கீழ. வால் நிமிந்து நிக்குது. ஆளை இறக்கறோம்."

கோடு தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

செய்தி துண்டு துண்டாக வந்தது. விமானிக்குத் தாடை நொறுங்கியிருந்தது, பேச முடியவில்லை. கையடக்க வானொலியில் ஒலிவாங்கி உடைந்து பேச்சு போகாததால், அவர் சைகையில் காட்டியபடி பொத்தானை அழுத்தியது நர்ஸ். அவளுக்குக் கால் முறிந்திருந்தது, நினைவு தெளிவாக இருந்தது. இருவரையும் தூக்கிவிட்டார்கள். விமானி பிழைப்பாரா என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கோடு ஒரு கட்டு வெள்ளைத்தாளை எடுத்துத் தம்பி முன்னால் வைத்தார். "புதுசா எழுதுப்பா. முதல்லேர்ந்து." பிறகு அவளிடம், "இந்தக் கோப்பைப் பூட்டி வெச்சு, பயிற்சிக்குப் போனவரு வந்ததும் அவர்கிட்ட குடுத்துடு. நீ கீழ போனதையும் நான் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

"எழுதுங்க சார்."

அவள் தன் இடத்துக்குப் போய்க் காலையில் வரைந்த வரைபடத்தைத் திறந்தாள். கடைசி மூன்று புள்ளிகளையும் உள்ளே வெறுமையான வளையங்களாக மாற்றினாள். ஓரத்தில் 'கணினியின் ஊகம்; விமானம் இங்கே இருந்ததில்லை' என்று எழுதினாள். முகட்டருகே அந்த ஒற்றைப் புள்ளியைப் புதிதாகச் சேர்த்து நிரப்பினாள். கடைசி நிஜப் புள்ளிக்கும் அதற்கும் நடுவே கோடு போடவில்லை.

கைபேசி அடித்தது.

"டிவியில சொன்னான்டி, கிடைச்சிட்டாங்கன்னு! தம்பி சாப்பிட்டானா?"

"இன்னும் இல்லம்மா. எழுதிக்கிட்டிருக்கான்."

"அவங்கதான் கிடைச்சிட்டாங்களே, இன்னும் என்ன எழுத்து? இனிமே அவன் மேல ஒண்ணும் வராதுல்ல?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தம்பி குனிந்து எழுதுவது தெரிந்தது. முதல் தாள் முடிந்து இரண்டாவதை எடுத்தான்.

"வரும்மா" என்றாள் அவள்.

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது. பிறகு அம்மா சொன்னாள்: "சரி. எழுதி முடிச்சதும் ரெண்டு பேரும் சேந்தே வீட்டுக்கு வாங்க."